மூன்று பல்பு மாற்றிய வீடு

"உங்க நர்ஸுக்குக் குழந்தைன்னாலே ஆகாதா?" என்றுதான் அந்தத் தொலைபேசிப் புகார் ஆரம்பித்தது.

புகார் சொன்ன அம்மாள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அறுபது தையல் மெஷின்கள் ஓடும் கூடத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவள். தாய் சேய் நல நிலையத்தின் தலைமை நர்ஸ் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கேட்டாள்.

விஷயம் இதுதான். மருமகளுக்குப் பிரசவமாகி மூன்றாம் நாள். நிலையத்திலிருந்து நர்ஸ் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சூப்பர்வைசரம்மாள் பேத்தியைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, வாசலிலேயே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறாள். நர்ஸ் என்ன செய்தாள்? செருப்பைக் கழற்றினாள். கை கழுவினாள். "முதல்ல பத்து நிமிஷம் அம்மாவோட. அப்புறம்தான் இந்த ராணி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேத்தியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அப்புறம் குழந்தையைப் பார்த்தாங்க இல்லையாம்மா?" என்று தலைமை நர்ஸ் மெல்லக் கேட்டாள்.

"பார்த்தா, பார்த்தா. எடை போட்டா, தொப்புளைப் பார்த்தா, கண்ணை விரிச்சுப் பார்த்தா. எல்லாம் பார்த்தா. ஆனா பத்து நிமிஷம் கழிச்சு! குழந்தை என்ன க்யூவுலயா நிக்கணும்?"

நர்ஸை அன்று மாலையே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"இந்த வருஷம் உன் மேல இது பதினாறாவது புகார்."

"எல்லாம் ஒரே புகார்தானே மேடம்?"

"அதான் பிரச்னையே. போனதும் குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சினா என்ன குறைஞ்சு போயிடுவே?"

"கொஞ்ச அந்த வீட்ல நாலு பேர் லைன் கட்டி நிக்கறாங்க. பெத்தவளைப் பார்க்க யாரு இருக்கா?"

தலைமை நர்ஸ் புகார்க் கடிதங்கள் இருந்த ஃபைலை மூடினாள். அவளுடைய சொந்த மகளுக்குப் பிரசவமானபோது, வேறு யாரும் வேண்டாம், இவள்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்.

வீடுகளில் இந்த நர்ஸுக்குப் 'பத்து நிமிஷ சிஸ்டர்' என்று பெயர். இருபத்திரண்டு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். வார்டில் இருந்த காலத்தில், பூங்கொத்தோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போன பெண்கள் சிலர் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறாள். கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "நேத்துகூட நல்லாத்தான் இருந்தா."

அதனால் அவள் எந்தத் தாயிடமும் "எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை. கேட்டால் வரும் பதில் அவளுக்குத் தெரியும். "நல்லா இருக்கேன் சிஸ்டர், பாப்பா நல்லா பால் குடிக்கிறா." அதில் பாதி தாயைப் பற்றியதே இல்லை. பதிலாக, கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். "காலையில கண் முழிச்சதுலேர்ந்து நான் பெல் அடிச்ச வரைக்கும் என்னென்ன செஞ்சே, ஒண்ணுவிடாம சொல்லு" என்பாள். அவ்வளவுதான். ஒருத்தி அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தபோதுதான், சிறுநீர் கழித்தால் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு நாளாகத் தண்ணீரே குடிக்காமல் இருந்தது தெரிந்தது. இன்னொருத்தி, "அப்புறம் குழந்தையைத் தூக்கிட்டுப் பால்கனிப் பக்கம் போகக்கூடாதுன்னு நானே கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்" என்றாள். அன்று சிஸ்டர் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. சரியான மருத்துவரைப் பிடித்து, கூடவே அழைத்துப் போய் உட்காரவைத்த பிறகுதான் மற்ற வேலை.

ஏழாம் நாள் காலை பத்தரை மணிக்கு சூப்பர்வைசரம்மாள் வீட்டுக் கதவைச் சிஸ்டர் மறுபடியும் தட்டினாள். மூன்றாவது மாடி.

கதவு திறந்தது. பேத்தி பாட்டியின் தோளில், துண்டால் முழுக்க மூடப்பட்டிருந்தாள்.

"வாங்க. இன்னிக்கு இவளை உங்களுக்குக் காட்டறதா இல்ல."

"ரொம்ப நல்லது. நான் கேட்கும்போது காட்டினா போதும்" என்று சிஸ்டர் கை கழுவப் போனாள்.

கூடத்துச் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. வீடு ஷிப்ட் முறையில் ஓடிக்கொண்டிருந்தது. துணி துவைப்பது மகன், சமையல் மாமனார், குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் மாமியார். யாருக்கு எத்தனை மணிக்கு என்ன வேலை என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். குறை சொல்லவே முடியாத ஏற்பாடு. பெற்றவளின் பெயருக்கு நேராக மட்டும் எட்டுக் கட்டங்களிலும் ஒரே சொல் இருந்தது: பால்.

படுக்கையறைக்குள் போனால் நடுவில் ஏணி. ஏணி மேல் கணவன். அவன் எலக்ட்ரீஷியன். அன்று அவன் முகத்தில் தொழில்முறை அவமானம் தெரிந்தது.

"பார்த்து வாங்க சிஸ்டர், ஏணி."

"என்ன வேலை நடக்குது?"

"இந்த லைட் மினுக்குதாம். முந்தாநாள் பல்பை மாத்தினேன். மினுக்குதுன்னா. நேத்து ஹோல்டரோட சேர்த்து மாத்தினேன். அப்பவும் மினுக்குது. இன்னிக்குக் காலையில மூணாவது பல்பு. இருபது மாடிக் கட்டடத்துக்கு வயர் இழுத்தவன் நான். என் வீட்டு பெட்ரூம் பல்பு என் மானத்தை வாங்குது."

"எனக்கென்ன ஆசையா? மினுக்கறதைத்தானே சொல்றேன்" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். எட்டு மணி நேரம் இருக்கையை விட்டு எழாமல், பசி, தாகம், பாத்ரூம் எல்லாவற்றையும் கடைசி நிறுத்தம் வரைக்கும் தள்ளிப்போடப் பழகியவள். முனகுவது என்பது அவள் அகராதியில் இல்லை. குழந்தை பிறந்த அன்றுகூட, "ரொம்ப வலிச்சிதா?" என்று கேட்டவர்களிடம், "டிராஃபிக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாளாம்.

"லைன்ல எங்கயோ லூஸ் கனெக்‌ஷன். போர்டைப் பிரிச்சாத்தான் தெரியும்" என்று கணவன் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். வெளியே போய் மெயினை அணைத்தான். மின்விசிறி முனகி நின்றது.

"ஃபேனை ஏன்டா நிறுத்தினே?" என்று கூடத்திலிருந்து குரல்.

"மெயினை ஆஃப் பண்ணிருக்கேன்மா!"

"பாப்பாவுக்கு வேர்க்குதுடா!"

"பத்து நிமிஷம்" என்று சிஸ்டர் அவனுக்கு வாசலைக் காட்டினாள்.

"சிஸ்டர், ஏணி..."

"ஏணியையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

கதவு சாத்தப்பட்டது. ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பேருந்து ஓட்டுநர் கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.

"நாலு மணிக்கு எழுந்தேன். பால் குடுத்தேன். அத்தை வாங்கிக்கிட்டாங்க. படுத்தேன், தூக்கம் வரல. ஆறு மணிக்கு மறுபடி பால். மாமா சூப் வெச்சுக் குடுத்தார், பாதி குடிச்சேன், குமட்டிச்சு, வெச்சிட்டேன். மாமாகிட்ட சொல்லிடாதீங்க, ஆசையா வெச்சார். அப்புறம் தலையைப் பின்னிக்கலாம்னு பார்த்தேன். சீப்பு பட்டாலே தலை விண்ணுன்னு தெறிக்குது, அதனால அப்படியே முடிஞ்சிக்கிட்டேன். எட்டு மணிக்குப் பால். அப்புறம் லைட் மினுக்க ஆரம்பிச்சிடுச்சு, இவரைக் கூப்பிட்டேன். இதோ, இப்பவும் பாருங்க. மினுக்குது."

சிஸ்டர் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

மின்விசிறி அசையாமல் நின்றது. கூரையிலிருந்து வெறும் ஹோல்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பல்பே இல்லை.

சிஸ்டரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அந்த முகத்துக்கு இருபத்திரண்டு வருடப் பயிற்சி. சாதாரணமாகப் பையைத் திறந்தபடியே கேட்டாள்.

"எந்தப் பக்கம் மினுக்குது?"

"வலது ஓரமா. மழையில எதிர்ல வர வண்டியோட ஹெட்லைட் கண்ணாடியில பட்டுச் சிதறுமே, அந்த மாதிரி."

"சரி, கண்ணை மூடிக்கோ."

"மூடிட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் மினுக்குது" என்றவள், சட்டென்று கண்ணைத் திறந்தாள். ஹோல்டரைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். "கண்ணை மூடினா லைட் எப்படித் தெரியும்?"

"பார்ப்போம். கையை நீட்டு. பேசாம இரு ரெண்டு நிமிஷம்."

பட்டையைச் சுற்றி, கையைத் தலையணை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் பார்த்தபோது நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு என்று அவள் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தது. சற்றுப் பொறுத்து அடுத்த கையில் பார்த்தாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பதினான்கு.

"தலைவலி எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா. தூக்கம் கெட்டா அப்படித்தான்னு அத்தை சொன்னாங்க. மாத்திரை போட்டேன், போகல."

"வயித்துல எங்கயாவது வலி?"

"இங்க" என்று வலது விலாவுக்குக் கீழே காட்டினாள். "பாப்பா உள்ள இருக்கும்போது உதைச்ச இடம்னு நினைச்சேன்."

சிஸ்டர் அவள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். ஈர மண்ணில் அழுத்தியதுபோலப் பள்ளம் அப்படியே நின்றது.

"நான் சொல்றதைக் கேளு. குழந்தை பிறந்தப்புறமும் சில பேருக்கு பிரஷர் எகிறும். உனக்கு எகிறியிருக்கு. அதனாலதான் தலைவலி, அதனாலதான் கண்ணுல மினுக்குது. இப்படியே விட்டா வலிப்பு வரலாம். மருந்து இருக்கு, நல்ல மருந்து. ஆனா ஆஸ்பத்திரியிலதான் குடுக்க முடியும், இப்பவே போகணும்."

"பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. இது உனக்கு."

"எனக்கா?" என்றாள் அவள். பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தைத் தன் கையில் கொடுத்துவிட்டதைப் போன்ற குரல்.

சிஸ்டர் பையிலிருந்து அகலமான பிளாஸ்திரி ஒன்றை எடுத்துப் பேனாவால் எழுதினாள். ஏழாம் நாள். 170/114. தலைவலி இரண்டு நாள். கண்ணில் மினுக்கல். வலது விலா வலி. வலிப்பு இன்னும் இல்லை. அதை அவள் நைட்டியின் தோள்பட்டையில் ஒட்டினாள். சிஸ்டருக்கு இது பழக்கம். பதற்றத்தில் வாய் உளறும், கேட்பவன் அரைகுறையாகக் கேட்பான். எழுத்து அப்படியே இருக்கும்.

கூடத்தில் மாமியார் ஒரே அடியாக மறுத்தாள்.

"அதெல்லாம் இருக்காது சிஸ்டர். அந்த பிரஷர் பிள்ளை வயித்துல இருக்கும்போது வர்றது. பிள்ளைதான் வெளிய வந்தாச்சே! ஒரு வாரமா தூங்கல, அந்த அசதி. சாயங்காலம் வேணா டாக்டர்கிட்ட காட்டறோம். இப்ப அவளைத் தூங்க விடுங்க."

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இல்லம்மா."

"குழந்தையைத்தான் பார்க்க மாட்டீங்க. இப்ப நல்லா இருக்கறவளை நோயாளி ஆக்கறீங்களா?"

சிஸ்டர் அவளோடு வாதாடவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு நின்றிருந்த கணவனிடம் திரும்பினாள்.

"தம்பி, அந்த ஹோல்டர்ல பல்பு இருக்கா?"

"இல்லையே. என் பாக்கெட்ல இருக்கு."

"மெயின்?"

"ஆஃப்ல இருக்கு."

"உங்க பொண்டாட்டிக்கு இப்பவும் மினுக்குது. கண்ணை மூடினாலும் மினுக்குது."

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பல்பைத் தொட்டுப் பார்த்தான். மூன்று நாளாகக் கோளாறு எங்கேயோ இருக்க, அவன் விளக்கை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்தது.

"வேன் சாவி எங்கம்மா?" என்றான்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். ஆஸ்பத்திரி இருபது நிமிடத் தூரம். சிஸ்டர் கணக்குப் போடக்கூட இல்லை, "வேனை எடுங்க" என்றாள். பிரசவ வார்டுக்குப் போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமனார் அடுப்பை அணைத்துவிட்டு லிஃப்டைப் பிடித்து வைத்துக்கொண்டார். மாமியாருக்கு மட்டும் ஒரு நிமிடம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு குழந்தையின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள்.

வேனின் பின்பக்கம் கேபிள் சுருள்களும் பைப்புகளும் கிடந்தன. நடு இருக்கையில் சிஸ்டர் அவளை இடப்பக்கமாகச் சாய்த்து உட்காரவைத்து, வெயில் படாமல் கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டாள்.

"ரெண்டாவது கியர்ல போடுங்க. இன்ஜின் திணறுது கேட்கல?" என்றாள் துண்டுக்கு அடியிலிருந்து மனைவி.

"நீ பேசாம வாயேன்!" என்றான் கணவன்.

"பேசட்டும். பேசிக்கிட்டே வரணும். உன் பஸ் ரூட்டைச் சொல்லு. ஸ்டாப் ஸ்டாப்பா" என்றாள் சிஸ்டர்.

"டிப்போ. மார்க்கெட். தீயணைப்பு நிலையம். பெண்கள் பள்ளி. பாலம்." தினம் ஆறு தடவை ஓட்டுகிற வழி. மூச்சு விடுவது போலச் சொன்னாள். "பாலத்துக்கு அப்புறம்... பாலத்துக்கு அப்புறம்..."

கணவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். மாமியார் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பாலத்துக்கு அப்புறம் என்ன?" சிஸ்டர் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"தெரியல சிஸ்டர். காணாம போச்சு."

ஆறு வருடமாகத் தினமும் நின்ற நிறுத்தம் காணாமல் போய்விட்டது. சிஸ்டர் கணவனைப் பார்த்து, "இனிமே எங்கயும் நிறுத்தாதீங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிப் பதிவு மேஜையில் இருந்தவன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"டெலிவரி எப்ப?"

"இன்னிக்கு ஏழாம் நாள். பிரஷர் நூத்தி எழுபதுக்கு..."

"டெலிவரி முடிஞ்சிடுச்சுன்னா பிரசவ வார்டு கிடையாது. பொது மருத்துவம். இந்தாங்க டோக்கன், எண்பத்து மூணு. இப்ப நாப்பத்தொண்ணு போய்க்கிட்டிருக்கு."

"தம்பி, இது பிரசவத்தோட வந்த பிரஷர். வலிப்பு வர நிலைமை. வார்டுக்கு ஒரு போன் போடுங்க."

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு இல்ல சிஸ்டர்? எல்லாரும் அவசரம்னுதான் வர்றாங்க."

சிஸ்டர் அடுத்த வாதத்துக்கு வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"லைனை நிறுத்து!"

தொழிற்சாலையில் யாராவது ஒருத்தியின் விரலில் ஊசி இறங்கினால் சூப்பர்வைசரம்மாள் போடுகிற சத்தம் அது. அறுபது மெஷின்களின் இரைச்சலைத் தாண்டிப் போகும் சத்தம். அந்தக் கூடத்தில் டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். எண் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண் பாதி எண்ணோடு நிறுத்தினாள். குழந்தை மட்டும் அலற ஆரம்பித்தது.

"என் மருமகளுக்கு அவ ஓட்டற பஸ்ஸோட ஸ்டாப்பே மறந்து போச்சு. நீ எண்பத்து மூணுன்றே. உனக்கு மேல யாரு? கூப்பிடு அவங்களை. இப்ப. இந்த நிமிஷம்."

அவன் எழுந்து நின்றுவிட்டான். போனை எடுத்தான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினான். அவன் மூன்றாவது தடவை அழுத்துவதற்குள் சிஸ்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதி வராந்தாவைக் கடந்திருந்தாள். பிரசவ வார்டுக்கு வழி கேட்கவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

வார்டு வாசலில் இளம் மருத்துவர் ஒருத்தி எதிர்ப்பட்டாள். சிஸ்டர் எதுவும் விளக்கவில்லை, தோள்பட்டையைக் காட்டினாள். மருத்துவர் பிளாஸ்திரியைப் படிக்க மூன்று விநாடி ஆனது.

"வலிப்பு?"

"இந்த நிமிஷம் வரைக்கும் இல்ல."

"உள்ள கொண்டு வாங்க."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஒரு கையில் பிரஷரைக் குறைக்கும் ஊசி, மறு கையில் வலிப்பைத் தடுக்கும் மருந்து. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் தீயாகக் கொதிக்கும் என்று சிஸ்டர் முன்கூட்டியே காதோரம் சொல்லி வைத்திருந்தாள். அதனால் அவள் பயப்படவில்லை. "இன்ஜின் சூடாயிடுச்சு" என்று மட்டும் முணுமுணுத்தாள். நூற்று எழுபத்திரண்டு. அரை மணி கழித்து நூற்று அறுபது. ஒரு மணி நேரம் கழித்து நூற்று ஐம்பது.

வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தோளில் தூங்கியிருந்தது. சிஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குறைஞ்சுக்கிட்டு வருது. இன்னும் ரெண்டு நாள் இங்கதான் இருக்கணும். நடுவுல பாப்பாவுக்குப் பால் குடுக்கலாம், தடை இல்ல."

மாமியார் தலையை மட்டும் ஆட்டினாள். குழந்தையின் துண்டைச் சரிசெய்துகொண்டே பேசினாள். அந்த அம்மாளுக்கு இவ்வளவு மெல்லப் பேச வரும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"லைன்ல ஒரு மெஷின் சத்தம் மாறினா எனக்கு நாலு மெஷின் தள்ளியே தெரிஞ்சிடும் சிஸ்டர். இவ சத்தமே போடல."

"சத்தம் வராத மெஷினை என்ன பண்ணுவீங்க?"

"கிட்டப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். சூடா இருக்கா, ஓடுதான்னு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "தொட்டுப் பார்க்கலையே சிஸ்டர். நாள் முழுக்கக் கூடவே இருந்தேனே!"

இந்த இடத்தில் குத்திக்காட்ட நினைப்பவர்களுக்கு வார்த்தை நிறையக் கிடைக்கும். சிஸ்டர் அப்படி எதையும் தேடவில்லை.

"நீங்க போட்ட சத்தத்துலதான் அந்த ஆளு எழுந்து நின்னான். நான் இன்னும் அரை மணி நேரம் ரூல்ஸைப் பத்திப் பேசிக்கிட்டு நின்னிருப்பேன். அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரியில மடக்கினாலும் உங்களைக் கூட்டிக்கிட்டுப் போகப்போறேன்."

மாமியார் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் மாலை சிஸ்டர் வார்டுக்கு வந்தாள். வார்டில் வந்து பார்ப்பது அவளுடைய வேலை இல்லை, வீடுகளுக்கு நடுவில் ஒரு எட்டு வந்திருந்தாள். பேருந்து ஓட்டுநர் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்து வீக்கம் வடிந்திருந்தது. பக்கத்தில் மாமியார் ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாக நீட்டிக்கொண்டிருந்தாள். தினமும் பிரஷர் பார்க்க வேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, அடுத்த தடவை உண்டானால் முதல் நாளே இந்தக் கதையை மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்று சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மருமகள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்கணும். இவங்க யாரைக் கேட்டாலும் 'ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல'ன்றாங்க. நீங்க சொல்லுங்க. நான் செத்துப் போயிருப்பேனா?"

சுளையை நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. "என்ன பேச்சு இது?" என்று மாமியார் ஆரம்பித்தாள். சிஸ்டர் அவளைப் பார்த்தாள். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"போயிருக்கலாம். இல்லேன்னா ஒரு கை, ஒரு கால் விழுந்திருக்கலாம். அவ்வளவு தூரம் போயிட்டுத்தான் திரும்பி வந்திருக்கே."

"நீங்க பார்த்ததாலதான்."

"நீ சொன்னதால. மூணு நாளும் விடாம சொன்னே. பல்பை மாத்தி மாத்திப் போட்டும் சொன்னே. நான் கேட்டேன், அவ்வளவுதான்."

பிரசவ வலியிலும் அழாதவள், மருந்து கொதித்தபோதும் அழாதவள், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியாரின் வாயில் "அழாதே" வந்துவிட்டது. பாதியில் விழுங்கினாள். ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து மருமகளின் முதுகில் கையை வைத்தாள்.

"அழும்மா. நல்லா அழு. எத்தனை நேரம் வேணும்னாலும் அழு. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

சிஸ்டர் திரையை இழுத்துவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் வெளியே வந்தாள். கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தி, தனியாக இருக்கும் ஒருத்தி, முதல் குழந்தையைப் பறிகொடுத்து இரண்டாவதைப் பெற்ற ஒருத்தி என்று இன்னும் மூன்று வீடுகள் பாக்கி. அன்று இருட்டுவதற்குள் அவள் ஏறவேண்டிய மாடிகள் ஒன்பது இருந்தன.